சீட்டில் எழுதியிருக்கும் ‘காலை’ யாருடைய காலை?

புளியந்தோப்பில் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. விடிகாலை மூன்றரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார். ஆறு மணிக்கு முதல் ஈடு இறங்கும். ஆட்டோக்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று பத்தரை வரைக்கும் கூட்டம் ஓயாது. அவர் வாயில் முதல் இட்லி போகும்போது மணி பதினொன்றாகிவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை உறையில் ‘காலை 1, சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதியிருந்தது. காலை என்றால் காலைதானே? முதல் ஈடு இறக்கும்போதே மாத்திரையைப் போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் ஒன்பதரை வாக்கில் கை நடுங்கி சாம்பார்க் கரண்டி நழுவியது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்ட, கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லாமல் பேசினார். வெயில் மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். எதிர் வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தது. 48 காட்டியது, ஆபத்தான அளவுக்குக் குறைவு. பெட்டிக்கடையிலிருந்து ஒரு கலர் வாங்கி வந்து குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. “அந்த மாத்திரதாம்மா என்னைக் கவுத்துச்சு” என்று அன்றோடு மாத்திரையை விட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்துக் கால் எரிச்சல் தாங்காமல் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை 380. நோட்டில் ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று எழுதினார்கள். நல்ல திட்டும் விழுந்தது. கூடப் போயிருந்த எனக்கு அந்த வரியைப் படித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. எட்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் போட்டவர் அவர்.

நடந்தது இதுதான். அக்காவுக்குக் கொடுத்தது கிளிமிபிரைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து அது. வயிற்றில் சோறு இருக்கிறதா, காலியா என்று அது பார்க்காது. போட்டால் சுரக்க வைக்கும். அதனால்தான் சாப்பிட உட்காரும்போது போடச் சொல்கிறார்கள். பழைய கிளிபென்கிளமைடு மாத்திரையும் இதே இனம். அதன் வேலை இன்னும் நீண்ட நேரம் நிற்கும். மெட்ஃபார்மின் வேறு மாதிரி. தனியாகப் போட்டால் அது சர்க்கரையை இப்படிக் கீழே தள்ளுவது அபூர்வம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு கலக்கும், அவ்வளவுதான். இரண்டும் வெள்ளையாக, ஒரே மாதிரி உறையில் வரும்போது எது எந்தக் குணமுடையது என்று யார் சொல்வது? ‘சாப்பாட்டுக்கு முன்’ என்றால் ஐந்து நிமிஷம் முன்பா, ஐந்து மணி நேரம் முன்பா? மாதச் சம்பள வீட்டில் எட்டு மணிக்கு டிபன், ஒரு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்கு ராத்திரிச் சாப்பாடு. சீட்டு எழுதுகிறவர் மனதில் இருக்கும் நாள் அது. சென்னையில் சர்க்கரையோடு வாழும் லட்சக்கணக்கான ஏழைகளின் நாள் அப்படி இல்லை. காசிமேட்டில் மீன் எடுக்கும் பெண்கள் நடு ராத்திரி தாண்டியதுமே ஏலத்துக்குப் போய் நிற்கிறார்கள். இரவுக் காவலாளிக்குக் காலை என்பது படுக்கப் போகும் நேரம்.

சர்க்கரை பணக்கார வியாதி என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் உண்மையும் இருந்தது. 1990களின் இரண்டாம் பாதியில் சென்னையில் ஒரு நடுத்தரக் குடியிருப்பையும் ஓர் ஏழைக் குடியிருப்பையும் எடுத்து ஆராய்ந்தார்கள். நடுத்தர மக்களில் நூற்றுக்கு 12.4 பேருக்கும் ஏழைகளில் 6.5 பேருக்கும் சர்க்கரை இருந்தது. பத்தாண்டு கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தபோது கணக்கு 15.4, 15.3. பத்தே வருஷத்தில் வித்தியாசம் துடைத்தெடுத்த மாதிரி போய்விட்டது. அதற்கப்புறம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மாநிலங்களில் நடத்திய பெரிய ஆய்வு, வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் வசதியானவர்களைவிட வசதியில்லாதவர்களிடமே சர்க்கரை அதிகம் என்று 2017ல் சொன்னது. 2023ல் வந்த அதன் தொடர்ச்சி நாடு முழுக்க 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று கணக்கிட்டது.

அந்த நடுத்தரக் குடியிருப்பில் இன்னொரு விஷயமும் நடந்தது. நோயைப் பற்றித் தெரிந்துகொண்ட மக்கள் தாங்களே பணம் போட்டு ஒரு பூங்கா கட்டினார்கள். ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறவர்கள் நூற்றுக்கு 14 பேராக இருந்தது 59 ஆனது. அருமையான காரியம். ஆனால் பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோன நாளில் குடத்தோடு படியேறும் பெண்ணிடம் போய் ‘தினமும் அரை மணி நடங்கள்’ என்று எப்படிச் சொல்வது? உடம்பு அலுத்துப் போகும் அளவு அவர் வேலை செய்கிறார். அவருக்கு இல்லாதது தூக்கமும் நேரத்துக்குச் சாப்பாடும்.

சென்னைக்கு இந்த நோயோடு நீண்ட பழக்கம் உண்டு. 1948லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரைக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கினார். 1954ல் ராயபுரத்தில் அவரே மருத்துவமனை வைத்தார். வடசென்னை இதற்குப் புதிது இல்லை. மருந்துக்கும் தமிழ்நாட்டில் பஞ்சம் குறைவு. 1994ல் ஆரம்பித்த மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. நோயாளி காசு கொடுக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2024ல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. இவ்வளவு இருந்தும், தமிழ்நாட்டில் 2020ல் சர்க்கரை, பிரஷர் மாதிரி தொற்றா நோய்களைப் பற்றி நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில் சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கே அது கட்டுப்பாட்டில் இருந்தது. மாத்திரை வீடு வரைக்கும் வந்துவிடுகிறது. அங்கிருந்து உடம்புக்குள் சரியான நேரத்தில், சரியான சாப்பாட்டோடு போய்ச் சேரும் அந்தக் கடைசி நாலு அடி முழுக்க நோயாளி தலையில். சுய பராமரிப்பு என்று நாம் சொல்வது அந்த நாலு அடியைத்தான்.

சாப்பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் திட்டு அதிகம் விழுவது இங்கேதான். சோறு ஏழை வீட்டில் ஆசைக்குச் சாப்பிடுவது இல்லை. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய நல்ல திட்டம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இலவசமாக வருவது அரிசி, காசு கொடுத்து வாங்க வேண்டியது காய், முட்டை, மீன் என்றால் தட்டில் எது குவியும்? 21 நாடுகளில் நடந்து 2020ல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை வரும் ஆபத்து தெற்காசியாவில்தான் மிக அதிகமாகத் தெரிந்தது. 450 கிராம் சோறு என்றால் மூன்று வேளையும் சோறு சாப்பிடும் கூலித் தொழிலாளிக்குச் சாதாரணம்.

‘அரிசியை விட்டுட்டுக் கோதுமைக்கு மாறுங்க’ என்ற அறிவுரையால் பெரிய பலன் இல்லை. நாலு சப்பாத்தியை உருளைக்கிழங்கு குருமாவோடு சாப்பிட்டால் சர்க்கரை அப்படியேதான் ஏறும். கேழ்வரகு நல்லது என்று கேள்விப்பட்டுக் கூழாகக் கரைத்துக் குடிக்கிறார்கள். மாவாக அரைத்து, குழையக் காய்ச்சிக் குடிப்பது வயிற்றில் வேகமாகக் கரைந்து வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். அதே மாவில் கீரை போட்டு அடை தட்டினால் கொஞ்சம் மெதுவாகும். ஓட்ஸ் வாங்கச் சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். சுண்டல் இருக்கிறது. முருங்கைக்கீரை தெருவிலேயே கிடைக்கும். காசிமேட்டில் மத்தியும் நெத்திலியும் வஞ்சிரத்தைவிட எத்தனையோ மடங்கு மலிவு. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் இதில் ஏதாவது ஒன்றை வைப்பது பெரும்பாலான வீடுகளில் முடியும். சோற்றைக் குறை என்று மட்டும் சொல்லி அந்த இடத்தைக் காலியாக விட்டால், மூன்று மணிக்குப் பசி பன்னையும் டீயையும் தேடிப் போகும்.

டீ என்றதும் ஒரு கணக்கு. டீக்கடை டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வையுங்கள், சுமார் 10 கிராம். கட்டட வேலைக்குப் போகிறவர் பசியை அடக்க ஆறு டீ குடிப்பார். நாளுக்கு 60 கிராம், மாதத்துக்கு ஒண்ணே முக்கால் கிலோ. இவரிடம் ‘ஸ்வீட் சாப்பிடுவீங்களா?’ என்று கேட்டால் ‘தீபாவளிக்கு மட்டும்தான் சார்’ என்பார். பொய்யே இல்லை. கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொன்றும் பார்க்கிறேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் சட்டியில் மிஞ்சுவது சோறும் அடிக்குழம்பும்தான். மீன் துண்டும் முட்டையும் ஏற்கெனவே தட்டுகளுக்குப் போயிருக்கும். ‘பாழாப் போகக் கூடாது’ என்று அதைச் சாப்பிடுவது அம்மா. அவருக்குச் சர்க்கரை இருந்தாலும் அதேதான். அவரைத் தனியாகக் கூப்பிட்டு உணவு அட்டவணை கொடுப்பதைவிட, புருஷனையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து ‘முதல்ல அம்மா தட்டுல கீரையும் முட்டையும் வைங்க’ என்று சொல்வது பலன் தரும்.

அடுத்தது யாரும் கேட்காத விஷயம், கழிப்பறை. சர்க்கரை ஏறினால் அடிக்கடி சிறுநீர் வரும். கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி மயிலாப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மகளிருக்குப் பஸ் இலவசம். அது பெரிய உதவி. ஆனால் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போகும். அப்புறம் வேலை செய்யும் வீடுகளில் பாதிப் பேர் அவரைக் கழிப்பறைக்குள் விட மாட்டார்கள். அவர் என்ன செய்வார்? காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார். சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காததும் சர்க்கரையோடு சேர்ந்தால் நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் திரும்பத் திரும்ப வரும். அவர் கையில் ‘தண்ணீர் நிறையக் குடிக்கவும்’ என்று அச்சடித்த தாளைக் கொடுக்கிறோம். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், உங்கள் கழிப்பறைக் கதவைத் திறந்துவிடுவது சர்க்கரை நோய்க்கு நீங்கள் செய்யக்கூடிய நேரடியான உதவி.

கால் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் எரிச்சல், அப்புறம் மதமதப்பு, அப்புறம் எதுவுமே தெரியாது. செருப்பு வழியில் கழன்று விழுந்ததை வீட்டு வாசலில் வந்து பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். தரையில் படுத்துத் தூங்கும்போது எலி விரலைக் கடித்து, விடிந்து பாயில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது என்பது மருத்துவ நூல்களில் பதிவான விஷயம். குடிசைப் பகுதிகளில் நடக்கிறது. அதனால் ராத்திரி படுக்கும் முன் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு முதல் குதிகால் வரை பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் பேத்தியிடம் பார்க்கச் சொல்லலாம், தரையில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தும் பார்க்கலாம். பழைய சாக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு தூங்கலாம். கால் ஆணியைப் பிளேடால் சீவவே கூடாது. எரிச்சலுக்குச் சுடுதண்ணீரில் காலை வைப்பதும் ஆபத்து, சூடு தெரியாமலே வெந்துவிடும். எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு இதற்கென்றே இருக்கிறது. அதைப் போட்டால் ‘பெரிய வியாதிக்காரங்க (தொழுநோயாளிகள்) செருப்பு’ என்று தெருவில் பேசுவார்களோ என்ற கூச்சம் பலருக்கு. சாதாரணச் செருப்பு மாதிரியே பார்க்க இருக்கும் எம்.சி.ஆர். செருப்புகளும் வருகின்றன, அதைச் சொல்லிக் கொடுத்தாலே பாதித் தயக்கம் போகும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஃபிரிட்ஜ் கவலை. பிரித்த குப்பியைச் சாதாரண அறைச் சூட்டில் சுமார் நான்கு வாரம் வைக்கலாம். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கு அடியில் இருப்பது அறைச் சூடு இல்லை. தண்ணீர் நனைத்த மண்பானைக்குள், மூடி போட்ட டப்பாவில், குப்பியில் தண்ணீர் படாமல் வைப்பது உதவும். ஐஸ் பெட்டியில் வைத்து உறைந்துவிட்டால் அந்த மருந்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஊசியிலும் கவனம் வேண்டும். நம் ஊர்க் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கு உரிய ஊசி சிவப்பு மூடி போட்டது. இன்சுலின் பேனாவில் போடும் மருந்து பொதுவாக ஒரு மில்லிக்கு 100 யூனிட். பேனா மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

நோன்பைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் இதைப் பேச முடியாது. மண்ணடி, திருவல்லிக்கேணி, புதுப்பேட்டை, எங்கள் புளியந்தோப்பு எங்கும் ரமலான் மாதத்தில் ஒரு நாளின் நேரமே தலைகீழாக மாறுகிறது. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும் மாலையில் நோன்பு திறக்கும் இப்தாருக்கும் நடுவே சுமார் 13 மணி நேரம் தண்ணீர்கூட இல்லை. ‘நோன்பு வைக்காதீங்க’ என்று ஒரே வரியில் டாக்டர் முடித்துவிட்டால், அவரிடம் சொல்லாமலே வைத்துவிடுவார்கள். மாத்திரை பழைய நேரத்திலேயே போகும், அல்லது மாதம் முழுக்கப் போகாது. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு, பிறகு கணக்கைத் தீர்க்கலாம் என்று குர்ஆனிலேயே இருக்கிறது. இதை டாக்டர் சொல்வதைவிடப் பள்ளிவாசல் ஹஜ்ரத் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் சொன்னால் மனது ஏற்கும். நோன்பு வைக்கக் கூடியவர்களுக்கு ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருந்தின் நேரத்தையும் அளவையும் டாக்டர் மாற்றி எழுத வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே போனாலும் 300ஐத் தாண்டினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். இந்த இரண்டு எண்ணும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம் குடிக்கலாம். அதோடு பேரீச்சம்பழம், சர்பத், சமோசா என்று வரிசையாகப் போகும்போதுதான் சிக்கல்.

காசநோயும் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சர்க்கரை இருந்தால் அது தாக்கும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. நெருக்கமான வீடுகளில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியைச் சோதிக்க வேண்டும்.

பரிசோதனை விஷயத்தில் மாற்ற வேண்டியது நிறைய. ‘வெறும் வயித்தோட வாங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடியும் ரத்தம் எடுக்கணும்’ என்றால் ஒரு நாள் கூலி போச்சு. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, எந்த நேரத்திலும் எடுக்கலாம். அது மாலை நேரத்தில் வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்தால் எத்தனையோ பேர் வருவார்கள். வீட்டில் மெஷின் வைத்தாலும் ஒரு ஸ்ட்ரிப் 15 முதல் 30 ரூபாய். தினமும் பார்க்கச் சொல்வது நடக்காது. வாரத்துக்கு ஒன்றிரண்டு, அதையும் வேறு வேறு நேரத்தில் பார்த்து எழுதி வைத்தால் போதும் என்று சொல்லலாம். தெருவில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மெஷின் வைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் குத்தும் ஊசி ஆளுக்கு ஒன்று, ஒரு தடவைக்கு மேல் கூடாது. குத்தும் பேனாவையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

அக்கா வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பெண்ணும் எங்கள் பகுதிக்காரர்தான். ஒரு நாள் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். “யக்கா, நேத்து எழுந்ததுலேர்ந்து படுக்குற வரைக்கும் எப்பெப்ப என்ன சாப்ட்ட, சொல்லு.” அக்கா சொல்லச் சொல்ல ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டார். எட்டு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். அந்தத் தாளோடு டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டரும் நல்லவர், படித்துப் பார்த்து மருந்தின் அளவைப் பாதியாக்கி, ஆறு மணிக்கு இரண்டு இட்லிக்கு உட்காரும்போது போடச் சொன்னார். அங்கேதான் புதுச் சிக்கல் வந்தது. “போணி ஆவாம நான் எப்படிம்மா வாயில வைக்கிறது?” என்று அக்கா ஒரே பிடியாக நின்றார். அதை மூடநம்பிக்கை என்று யாரும் அடித்துப் பேசவில்லை. இருபது வருஷமாக அந்தக் கடையை நடத்துகிறவர் அவர்.

ஆறு மணிக்கு வழக்கமாக முதல் பார்சல் வாங்குவது ஓர் ஆட்டோக்காரத் தம்பி. தன்னார்வலர் அவரிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தார். இப்போது அவர் காசைக் கொடுத்து பார்சலை வாங்கியதும் வண்டியைக் கிளப்புவதில்லை. அக்கா காசைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முதல் இட்லியைச் சாம்பாரில் தோய்த்து வாயில் வைக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.